விலை விழுந்தது, நோட்டு விழவில்லை: 1930களின் பெருமந்தம், தென்னாற்காட்டிலிருந்து பார்த்தால்

கடலூர், பண்ருட்டிப் பக்கம் பழைய வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி கிடந்தால், அதில் பட்டாவும் கிஸ்தி (நிலவரித் தவணை) ரசீதும் போக ஒரு கட்டுப் புரோநோட்டும், அதாவது கடன் வாங்கியவர் எழுதித் தந்த சீட்டும், இருக்க வாய்ப்பு உண்டு. பழுப்பேறிய தாள், ஓரத்தில் ஒரு அணா ஸ்டாம்பு, அதன்மேல் குறுக்கே கையெழுத்து அல்லது கைநாட்டு. திருப்பினால் பின்பக்கம் 'வரவு ரூ.' என்று பொடி எழுத்தில் இரண்டு மூன்று வரி.

1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தத்தை நியூயார்க் பங்குச்சந்தையிலிருந்து சொல்ல ஆரம்பிப்பதுதான் வழக்கம். எனக்கு இந்தத் தாளிலிருந்து ஆரம்பிப்பதே சரி என்று படுகிறது. நம் பக்கத்து ஆட்களை மந்தம் அடித்தது இதன் வழியாகத்தான். விளைந்ததன் விலை பாதியாயிற்று. தாளில் எழுதிய தொகை இறங்கவில்லை, வளர்ந்தது. கிஸ்தியும் அப்படித்தான், இறங்கவில்லை. சர்க்காரே லண்டனுக்குக் கட்டவேண்டிய பாக்கியும் இறங்கவில்லை. எது விழுந்தது என்று பார்ப்பதைவிட எது விழாமல் நின்றது என்று பார்த்தால்தான் இந்த மந்தம் பிடிபடும்.

எடுத்துக்கொள்ளும் இடம் அந்தக் காலத் தென்னாற்காடு மாவட்டம். இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி எல்லாம் அதற்குள் அடக்கம். மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ். தென்பெண்ணையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பிரெஞ்சுச் சர்க்கார், புதுச்சேரி.

மல்லாட்டை

வேர்க்கடலையை நம் பக்கம் மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று; பெயரிலேயே கப்பல் வாடை அடிக்கிறது. சென்னை மாகாணத்தில் இந்தப் பயிருக்குப் பேர்போன மாவட்டம் தென்னாற்காடு. மானாவாரிக் கொல்லையில் ஆடிப் பட்டத்தில் விதைத்து, ஐப்பசி கார்த்திகையில் பிடுங்குவார்கள். கம்பும் கேழ்வரகும் வீட்டுக்கு, மல்லாட்டை காசுக்கு. வண்டி கட்டி மண்டிக்குப் போகும்; 1879இல் போட்ட விழுப்புரம் – புதுச்சேரி ரயில் பாதை வழியாகக் கடற்கரைக்குப் போகும்; அங்கே படகில் ஏறி, தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்குப் போகும். கப்பல் போய்ச் சேரும் இடம் பிரான்ஸின் மார்செய் துறைமுகம். அங்கே ஆட்டி எண்ணெய் எடுத்து சோப்புக் காய்ச்சினார்கள்.

சரக்கு மேலே போன இதே ஏணியில்தான் பணம் கீழே இறங்கி வந்தது. ஏற்றுமதிக் கம்பெனி மண்டிக்கு முன்பணம் கொடுக்கும், மண்டிக்காரர் தரகருக்கு, தரகர் குடியானவருக்கு. விதைக்கொட்டைக்கும் களைக் கூலிக்கும் அதுதான் முதல். ஆகவே மார்செய் விலை சரிந்தபோது ஊருக்குள் முதலில் தெரிந்தது விலைச் சரிவு அல்ல. முன்பணத்தோடு வரும் தரகர் அந்த வருஷம் வரவில்லை, அவ்வளவுதான். 'மெட்ராஸ் போயிருக்கார், வந்துடுவார்' என்று நாலு நாள் பார்த்திருப்பார்கள்.

அப்புறம்தான் விலை. கல்கத்தா மொத்த விலைக் குறியீட்டில் 1914ஐ 100 என்று வைத்தால், 1929இல் 141. 1931இல் 96. 1933இல் 87. நாலே வருஷத்தில் நூற்றுக்கு 38 இறங்கிவிட்டது. இது எல்லாச் சரக்கும் சேர்ந்த சராசரி. எண்ணெய் வித்து மாதிரிக் கப்பலை நம்பிய சரக்கு இதைவிட மோசமாக விழுந்தது.

நோட்டின் கணக்கு

கணக்குக்காக ஒரு குடியானவரை வைத்துக்கொள்வோம். இரண்டு காணி கொல்லை. மூட்டை விலை சுலபத்துக்காக நானே போட்டதுதான். வட்டியும் சட்டமும் உள்ளபடி.

1928இல் அவர் 100 ரூபாய் வாங்குகிறார். வட்டி நூற்றுக்கு மாசம் ஒரு ரூபாய். அன்றைக்கு அது அநியாய வட்டி இல்லை, நல்ல அடமானம் இல்லாதவருக்குக் கிடைத்தால் சந்தோஷம். மூட்டை பத்து ரூபாய் என்றால், அவர் வாங்கியது பத்து மூட்டை மல்லாட்டை. 1908ஆம் வருஷத்து லிமிடேஷன் சட்டப்படி புரோநோட்டுக்கு மூன்று வருஷம்தான் உயிர். நடுவில் ஏதாவது கட்டி, அதைப் பின்பக்கம் கைப்பட வரவு எழுதிக் கொடுத்தால் ஆயுள் கூடும். கட்ட முடியாதவர் நோட்டை மாற்றி எழுதித் தர வேண்டும். மறுத்தால் முன்சீப் கோர்ட்டு.

1931. வட்டி 36 ரூபாய் சேர்ந்து புது நோட்டு 136க்கு எழுதப்படுகிறது. வட்டி அசலுக்குள் நுழைந்துவிட்டது. இனி அதுவும் குட்டி போடும். மூட்டை இப்போது ஐந்து ரூபாய். 27 மூட்டைக்கு மேல் கடன். 1934இல் மறுபடி மாற்றினால் நோட்டு 185. விலை அதே ஐந்து என்றே வைத்தாலும் 37 மூட்டை. பத்து மூட்டை வாங்கியவர் 37 மூட்டை பாக்கி நிற்கிறார், இத்தனைக்கும் நடுவில் ஒரு சல்லிக்காசு புதிதாகக் கைமாறவில்லை. குடித்துக் கெடவில்லை, சூதாடவில்லை, மகள் கல்யாணத்தைக்கூடத் தடபுடலாகச் செய்யவில்லை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான் அவர் செய்த தப்பு.

கடன் கொடுத்தவரைப் பழைய சினிமாவில் வரும் வட்டிக்கடைக்காரராக மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவரும் எங்கோ மேலே பாக்கி நின்றார். நிலம் வந்து என்ன செய்ய? அவருக்கு வேண்டியது ரொக்கம். இதன் பெரிய உருவத்தைப் பர்மாவில் பார்க்கலாம். கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு. 1937, 38 வாக்கில் 25 பங்கு. விருப்பப்பட்டு வாங்கிய நிலம் அல்ல, பணம் வராமல் தலையில் விழுந்த நிலம். நம் பக்கம் நடுத்தர வியாபாரிக்கு வேறு ஒரு வாசல் இருந்தது: ஐ.பி. கொடுப்பது, அதாவது மஞ்சக் கடுதாசி, கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் திவால் மனுப் போடுவது. அவர் கொடுத்தால் அவரிடம் போட்டு வைத்திருந்த விதவையின் இருநூறு ரூபாயும் போச்சு.

யாருக்கு எவ்வளவு அடி

எல்லார் முதுகிலும் ஒரே மாதிரி விழவில்லை. 1931 கடைசியில் சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்குச் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து வெட்டினார்கள். பெரிய கூப்பாடு. ஆனால் மேலே சொன்ன 38ஐ நினைத்துப் பாருங்கள். சாமான் விலை அவ்வளவு இறங்க, சம்பளம் பத்து மட்டும் இறங்கினால், மஞ்சக்குப்பம் கச்சேரிக் குமாஸ்தாவின் குடும்பம் மந்தத்தில் முன்னைவிடக் கொஞ்சம் நன்றாகவே சாப்பிட்டிருக்கும். வேலை போகாதவரை. ஆட்குறைப்பில் சீட்டுக் கிழிந்தவனுக்கு இந்தக் கணக்கு உதவாது.

படி அளந்து கூலி வாங்கிய பண்ணையாளுக்கும் விலைச் சரிவு நேரே படவில்லை; மரக்கால் மரக்கால்தான். அவன் பாடு வேறு இடத்தில் கெட்டது. ஆண்டைக்குக் காசு வராதபோது வேலை நாள் சுருங்கும். பஞ்சம் பிழைக்கப் போக இருந்த வழியும் அடைபட்டது. ரப்பர் விலை விழுந்ததும் 1930 ஆகஸ்டில் மலாயாவுக்குக் கூலியாட்கள் போவது நிறுத்தப்பட்டது. அத்தோடு, அங்கிருந்தவர்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களை அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் கப்பல் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். தென்னாற்காட்டிலிருந்து அங்கே போயிருந்தவர்கள் கொஞ்சமல்ல. மாதாமாதம் வந்த மணியார்டர் நின்றது, பின்னாலேயே அதை அனுப்பிய ஆளும் தகரப்பெட்டியோடு வந்து நின்றான்.

நெல் போட்டவர் பர்மா அரிசியையும் சயாம் நொய்யையும் சபித்தார். வாங்கித் தின்றவருக்கு அதே நொய்தான் சோறு. 1935இல் இறக்குமதி நொய்க்கு வரி போட்டபோது ஒரே தெருவில் ஒரு வீட்டில் நிம்மதி, எதிர் வீட்டில் வயிற்றெரிச்சல்.

கம்மல் எங்கே போயிற்று

1931 செப்டம்பர் 21இல் இங்கிலாந்து தங்க நாணய முறையை விட்டது. ரூபாய் பவுண்டோடு கட்டப்பட்டிருந்ததால் அதுவும் கூடவே இறங்கியது, தங்கம் ஏறியது. 1927 சட்டத்தின்படி ஒரு பவுன் 13 ரூபாய் 5 அணாச் சொச்சம். இரண்டு வருஷத்துக்குள் அது 20ஐ நெருங்கிவிட்டது. எல்லாம் விலை இறங்கிக் கிடந்த ஊரில் ஏறிய ஒரே பொருள், பெண்கள் காதிலும் கழுத்திலும் கிடந்தது.

கிஸ்திக்குத் தவணை, நோட்டுக்கு மூன்று வருஷம் முடிகிறது, மண்டியில் முன்பணம் இல்லை. அட்டிகை முதலில் போகும், அப்புறம் கம்மல், கடைசியில் தாலிக்குண்டை எடுத்துவிட்டு மஞ்சள் கயிறு. ஆசாரி உரைத்துப் பார்த்து, எடை போட்டு, உருக்கிக் கட்டியாக்கினால் அது சென்னை, பம்பாய் வழியாக லண்டன் போய்ச் சேரும். இப்படிக் கோடிக்கணக்கில் தங்கம் நாட்டை விட்டுப் போயிற்று. இந்திய சர்க்கார் அதைத் தடுக்கவில்லை. தடுக்கச் சொல்லிக் கேட்டவர்களுக்கு, 'நல்ல விலைக்குத்தானே விற்கிறார்கள்' என்கிற மாதிரிதான் பதில். அதற்குக் காரணம் சர்க்காரின் சொந்தக் கணக்கிலேயே இருந்தது.

சர்க்காரும் ஒரு கடனாளி

இந்திய சர்க்கார் வருஷந்தோறும் லண்டனில் பவுண்டாகக் கட்டவேண்டிய செலவு இருந்தது: கடன் வட்டி, ஓய்வூதியம், ராணுவச் செலவு. ஏற்றுமதி நன்றாக நடந்தால் அதில் கிடைக்கும் அந்நியப் பணத்தில் கட்டலாம். மல்லாட்டையும் பருத்தியும் சணலும் விழுந்தபின் எதை வைத்துக் கட்டுவது? அந்த இடத்தை நிரப்பியது கம்மலும் அட்டிகையும். ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற விகிதத்தைக் கைவிடாமல் சர்க்கார் சமாளித்ததில், பண்ருட்டிப் பக்கத்துப் பெண்ணின் மூக்குத்திக்கும் ஒரு பங்கு உண்டு.

உள்நாட்டுக் கணக்கைச் சரிக்கட்ட 1931 செப்டம்பரில் நிதி உறுப்பினர் ஜார்ஜ் ஷூஸ்டர் நடு வருஷத்திலேயே ஒரு அவசர பட்ஜெட் போட்டார். இருக்கிற வரிகள்மேல் நூற்றுக்கு 25 கூடுதல். உப்பு வரி மணங்குக்கு 1 ரூபாய் 4 அணாவிலிருந்து 1 ரூபாய் 9 அணா. முந்தின வருஷம்தான் தண்டியிலும் வேதாரண்யத்திலும் உப்பு அள்ளிச் சிறைக்குப் போனார்கள். கடலூர் முதுநகர் அஞ்சலையம்மாள் போன்றவர்கள் அந்தப் போராட்டத்தில் சிறை கண்டவர்கள். அது நடந்த மறு வருஷமே உப்பு வரி ஏறுகிறது! அரையணாத் தபால் கார்டு முக்காலணா ஆயிற்று. கையில் காசில்லாதவன் ஊருக்குத் தகவல் சொல்வதற்கும் ஒன்றரை மடங்கு.

மாகாணச் சர்க்காரின் வருமானத்தில் பாதிக்கு மேல் நிலவரியும் கள்ளு சாராய வருமானமும். கையில் காசு ஓடாததால் இரண்டாவது சுருங்கியது. முதலாவது ரயத்துவாரித் தீர்வை, அதாவது குடியானவரிடமிருந்து சர்க்கார் நேரே வாங்கும் நிலவரி; 30 வருஷத்துக்கு ஒருமுறை செட்டில்மென்டில் ரூபாயாக நிர்ணயித்தது. விலை ஏறின காலத்தில் குடியானவருக்கு லாபமாக இருந்த அதே ஏற்பாடு, விலை விழுந்ததும் கழுத்தில் கயிறு. மணியக்காரர் தவணைக்கு வருவார். தவறினால் 1864ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் ஜப்தி. தள்ளுபடி கேட்டு ஊர் ஊராக மகஜர் போனபின், கொஞ்சம் கொஞ்சமாகச் சலுகை வந்தது.

ஏன் இவ்வளவு தாமதம்? கல்நெஞ்சம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருப்பதாக நினைக்கிறேன். 1876–78இன் தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் சர்க்கார் பஞ்ச நிவாரண விதிகளை எழுதி வைத்தது. எந்த அடையாளம் கண்டால் கலெக்டர் என்ன செய்யவேண்டும், எப்போது ரோடு வேலை, குளம் வெட்டும் வேலை திறக்கவேண்டும் என்று எல்லாம் அதில் உண்டு. பஞ்சத்தின் முக்கிய அடையாளம், தானிய விலை ஏறுவது. 1931இல் விலை இறங்கிக் கிடக்கிறது, மண்டியில் நெல் குவிந்திருக்கிறது. விதியைப் புரட்டினால் அது நல்ல காலம்! நெல் இருந்து காசு இல்லாத பஞ்சத்துக்குச் சர்க்காரிடம் விதியே கிடையாது. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி.ஜே. தாமஸ் போன்ற சிலர், இந்த நேரத்தில்தான் சர்க்கார் கடன் வாங்கியாவது வேலை திறக்கவேண்டும் என்று எழுதினார்கள். வரவுக்குள் செலவு என்ற பழைய சாஸ்திரத்தை விட ஷூஸ்டர் தயாரில்லை.

ஒரு இடத்தில் மட்டும் நம் மாவட்டத்துக்கு ஆதாயம். 1932இல் வெளிநாட்டுச் சர்க்கரைக்குப் பாதுகாப்பு வரி போட்டார்கள். நாட்டில் 30 சொச்சம் இருந்த சர்க்கரை ஆலைகள் நாலைந்து வருஷத்தில் 130ஐத் தாண்டின. பழைய நெல்லிக்குப்பம் ஆலைக்கும் அதன் சுற்றுவட்டக் கரும்புக்காரர்களுக்கும் அந்த வரி ஒரு குடை. இறக்குமதி நின்று சுங்க வருமானம் படுத்ததும் 1934இல் உள்நாட்டுச் சர்க்கரைமேலேயே கலால் போட்டதைச் சொல்லாமல் விட்டால் சர்க்காருக்குக் கோபம் வரும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

புதுச்சேரி நூற்பாலைகளின் பழைய பெருமை, நீலச் சாயத் துணி. அதற்குப் பெரிய சந்தை பிரெஞ்சு ஆப்பிரிக்கா, முக்கியமாக செனகல் பக்கம். செனகல்காரர்கள் காசுக்காகப் பயிரிட்டது எது? மல்லாட்டை. அதுவும் அதே மார்செய்க்குத்தான் போனது. ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்த அந்தத் துணி வியாபாரத்துக்கு, வாங்குகிறவன் கையிலும் காசில்லாமல் போனது. பண்ருட்டிக் குடியானவரையும் முதலியார்பேட்டை ஆலைத் தொழிலாளியையும் ஒரே துறைமுகத்து விலைப்பலகை இப்படி இரண்டு பக்கமிருந்தும் அடித்தது.

இங்கே விழாமல் நின்றது வேலை நேரம். கூலி குறைந்தது, பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை அப்படியே. 1934 முதல் வ. சுப்பையா தொழிலாளர்களைத் திரட்டினார். 1936 ஜூன் 7இல் பாரிஸில், லியோன் பிளம் தலைமையிலான இடதுசாரிக் கூட்டணி அரசு முன்னின்று, முதலாளிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் உடன்பாடு செய்துவைத்தது. தொடர்ந்து அங்கே வாரத்துக்கு 40 மணி நேர வேலை சட்டமானது. அதே அரசின் கொடி பறந்த புதுச்சேரியில், எட்டே வாரத்தில், ஜூலை 30 அன்று, வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள்மேல் துப்பாக்கிச் சூடு. 12 பேர் செத்தார்கள். அந்த ரத்தத்துக்குப் பின் 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ஜூலை 30ஐப் புதுச்சேரித் தொழிற்சங்கங்கள் இன்றும் நினைவுநாளாக வைத்திருக்கின்றன.

1938

இந்தப் பக்கம் 1937இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை. அதற்கு முன்பே, 1935இல், இதை ஆராய்ந்த அதிகாரி சத்தியநாதனின் அறிக்கை மாகாணத்தின் விவசாயக் கடனைச் சுமார் 200 கோடி ரூபாய் என்று கணித்திருந்தது. 1930இல் இன்னொரு குழு சொன்னது 150 கோடி. மந்தம் நடந்த ஐந்து வருஷத்தில், யாரும் புதிதாகக் கடன் கொடுக்க முன்வராத காலத்தில், 50 கோடி கூடியிருக்கிறது. மேலே பார்த்த நோட்டு மாற்றும் வித்தைதான், மாகாண அளவில்.

1938 மார்ச்சில் வந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நேரே அந்த வித்தையில்தான் கை வைத்தது. 1932 அக்டோபர் 1க்கு முந்தைய கடனுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நிற்கும் வட்டி பூராவும் ரத்து. அசலை மட்டும் கட்டினால் போதும். அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. இதைவிட எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விளக்கக் குறிப்பு: கடன் கொடுத்த அதே ஆளுக்கு எத்தனை முறை நோட்டு மாற்றி எழுதியிருந்தாலும், முதன்முதலில் கையில் கொடுத்த தொகைதான் அசல். 185 ரூபாய் நோட்டைக் கிழித்து, 136 நோட்டையும் கிழித்து, 1928இன் 100 ரூபாயில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. யாரோ கிராமத்து நோட்டைக் கையில் பிடித்துப் பார்த்தவர்தான் அந்த வரியை எழுதியிருக்க வேண்டும்.

கடன் கொடுப்பவர்கள் சும்மா இருக்கவில்லை. நோட்டுக்குப் பதில் கிரயப் பத்திரமாகவே எழுதி வாங்கினால் சட்டம் அண்டாது என்று கண்டுகொள்ள அதிக நாள் ஆகவில்லை. சட்டமும் பிந்தித்தான் வந்தது. ஏலத்தை ரத்து செய்ய அது வழி வைத்தது, ஆனால் 1937 அக்டோபர் 1க்குப் பின் நடந்த ஏலத்துக்கு. 1932இலோ 1934இலோ கோர்ட்டு டிக்ரியில் போன காணி போனதுதான்.

அப்புறம், சட்டத்தின் கண்ணில் 'விவசாயி' யார் என்பது. நிலத்தில் விற்கத்தக்க பாத்தியதை உள்ளவர், அல்லது குத்தகைக்குச் செய்பவர். கார்த்திகை ஈரத்தில் உட்கார்ந்து மல்லாட்டை ஆய்ந்த பெண்களும், கல்யாணத்துக்கு ஆண்டையிடம் கைநீட்டி வாங்கிய பணத்துக்காக வருஷக்கணக்கில் ஏர் ஓட்டிய படியாளும் அந்த வரையறைக்குள் வரவில்லை. அவர்கள் கடனுக்கு ஸ்டாம்பு ஒட்டிய தாள் கிடையாது, மாற்றி எழுதவும் கிழித்துப் போடவும். தகரப்பெட்டி வைக்கப் பரணும் கிடையாது.